மழைக்காலத்தில் சொறியும் நாய்: கடைக்காரர் அறிய வேண்டியவை

மளிகைக் கடையோ, அரிசி மண்டியோ, பருப்புக் குடோனோ எதுவானாலும், பின்கட்டில் ஒரு நாய் படுத்திருப்பது நம் தொழிலில் பழைய வழக்கம். இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போன பிறகு மூட்டைகளுக்குக் காவல் அதுதான். அதற்குச் சம்பளம் கிடையாது. மீந்த சோறு, ஒரு பாக்கெட் பிஸ்கட், படுக்க ஒரு பழைய சாக்கு. அந்த நாய் ஐப்பசி வந்ததும் ஓயாமல் சொறிந்து, முடி கொட்டி, தோல் சிவந்து நாற்றமெடுத்து நிற்கும்போது, "இதற்குச் சொறி பிடித்துவிட்டது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று கடைப் பையனிடம் சொல்லிவிடுகிற வழக்கமும் நம்மிடையே உண்டு.

அப்படிச் சொறியும் நாய்களுக்கெல்லாம் இருப்பது தொற்றுச் சொறி அல்ல. பலவற்றுக்கு இருப்பது பருவ ஒவ்வாமை, அதாவது குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் தலைகாட்டுகிற அலர்ஜி. இது அடுத்த நாய்க்கு ஒட்டாது; கடைப் பையனுக்கும் ஒட்டாது. முற்றிலும் குணமாவது அரிது என்றாலும் அடக்கி வைக்க முடியும். நாயை விரட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கு அலர்ஜி என்றால் தும்மல், மூக்கில் நீர், கண் எரிச்சல். நாய்க்குப் பெரும்பாலும் தோலில்தான் வரும். பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும். முகத்தைச் சாக்கில் தேய்க்கும். பின்காலால் காதைப் பிராண்டும். அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு ஆகியவை சிவந்திருக்கும். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாயானால் நக்கிய இடம் துரு நிறமாக மாறியிருக்கும். அது எச்சில் கறை. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் இத்தொல்லை தொடங்குகிறது. லேப்ரடார், பக், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களுக்கு அதிகம் என்பது உண்மை. நாட்டு நாய்க்கு வரவே வராது என்பது உண்மையல்ல.

சிட்டையில் ஒரு பக்கம்

ரத்தம் எடுத்துச் சோதித்தால் காரணம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வாமை நோய் இருக்கிறதா, இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனை மட்டும் தனித்து நின்று சொல்லிவிடாது. மருத்துவர் நாயின் வரலாற்றைக் கேட்டு, தெள்ளு, சொறிப்பூச்சி, தீனி என்று மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் முடிவுக்கு வருகிறார். வரலாற்றைச் சொல்ல வேண்டியவர் நாயை வளர்ப்பவர். "கொஞ்ச நாளாகச் சொறிகிறது, சார்" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. அன்றாடச் சிட்டையின் கடைசியில் நாய்க்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை எழுதினால் போதும். தேதி, எந்த இடத்தில் சொறிகிறது, அரிப்பு எவ்வளவு (சொறியாவிட்டால் 0, தூங்கவிடாமல் சொறிந்தால் 10), அந்த வாரம் மழை உண்டா, என்ன தீனி, என்ன மருந்து. ஓர் ஆண்டு எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தால், எந்த மாதத்தில் எந்தச் சரக்கு ஓடியது என்று தெரிவதைப் போல, அரிப்பும் தன் பருவத்தைக் காட்டிக்கொடுக்கும். மழை விட்டுப் புல் பூக்கும்போது ஏறி, கோடையில் இறங்கினால் மகரந்தத்தின் மேல் சந்தேகம் வரும். வாலடியிலும் பின்தொடையிலும் மட்டும் என்றால் முதலில் தெள்ளைத் தேட வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாக இருந்தால் தீனியோ தூசியோ காரணமாகலாம். தீனியைச் சோதிக்க, மருத்துவர் சொல்லும் புது உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. நடுவில் பையன் அன்போடு ஒரு பால் பிஸ்கட் போட்டுவிட்டால் சோதனை கெட்டது.

புல்லும் பூவும்

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மழை விட்டதும் காலி மனையெல்லாம் பச்சை. அருகம்புல்லும் முள்ளுக்கீரையும் பூக்கின்றன. பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்லின் மகரந்தம், உலகின் வெப்பநாடுகளில் மனிதருக்கும் நாய்க்கும் ஒவ்வாமை தருபவற்றுள் முக்கியமான ஒன்று. நாய் அதை மூச்சில் இழுப்பது மட்டுமல்ல. பாதத்திலும் வயிற்றிலும் படிந்து தோல் வழியாகவும் உள்ளே போகிறது. பாதம் நக்குவதன் காரணம் இதிலேயே இருக்கிறது.

ஆகவே செலவில்லாத முதல் வைத்தியம், வெளியே போய் வந்த நாயின் நான்கு பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கை உலர்த்துவது. பூக்கும் மாதங்களில் வாரம் ஒரு குளியல். சூடில்லாத நீர் போதும். நாய்க்கென்று உள்ள ஷாம்பு வேண்டும். மருந்து ஷாம்பு என்றால் நுரையை 10 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். போட்டவுடன் தண்ணீர் ஊற்றினால் காசுதான் கரையும். நாம் கடையில் விற்கும் துணி சோப்புக் கட்டியால் நாயைக் குளிப்பாட்டுபவர்கள் இன்னும் உண்டு. அதன் காரம், ஏற்கெனவே புண்பட்ட தோலை மேலும் வறள வைக்கிறது.

நம் சரக்கிலேயே ஒரு காரணம்

நம் தொழிலோடு நேரே தொடர்புடைய விஷயம் ஒன்று உண்டு. அரிசி, மாவு, தவிடு, பருப்பு ஆகியவற்றில் வண்டும் அந்துப்பூச்சியும் வருவது நமக்குத் தெரியும். கண்ணுக்கு எளிதில் தெரியாத இன்னொரு கூட்டமும் அவற்றில் வாழ்கிறது. இவை எட்டுக்கால் சிற்றுண்ணிகள். கடிப்பவை அல்ல, மாவையும் பூஞ்சையையும் தின்பவை. தானியத்தின் ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டி, காற்றும் ஈரமாக இருந்தால் விறுவிறுவென்று பெருகும். ஒவ்வாமையுள்ள நாய்களைச் சோதித்தபோது, வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிக்கும் இந்தத் தானிய உண்ணிக்கும் ஒவ்வாமை காட்டியவை பல நாடுகளில் மிகுதியாக இருந்தன. மழைக்காலத்தில் சுவரோரம் ஓதம் ஏறிய குடோனில், மாவு சிந்திய சாக்கின் மேல் நாயைப் படுக்க வைத்தால் அது சொறிவதில் வியப்பில்லை.

உடனே எல்லாப் பழியையும் சரக்கின் மேல் போட்டுவிடவும் வேண்டாம். இவ்விரு உண்ணிகளும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள நாய், சோதனையில் மற்றொன்றுக்கும் உள்ளதுபோல் காட்டலாம். செய்ய வேண்டியது எளிது. நாயின் படுக்கையை அட்டியிலிருந்து தள்ளி, காற்றோட்டமான வாசற்பக்கம் போடுங்கள். சாக்குக்குப் பதில் துவைக்கக்கூடிய துணி. வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதல். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குதல். கடைசி இரண்டும் நாய்க்காக அல்ல என்று வைத்துக்கொண்டாலும், நம் சரக்குக்கே நல்லவை.

குடோனில் வண்டுக்குப் புகை மாத்திரை போடும் நாளில், நாயையும் எலிக்காக வளர்க்கும் பூனையையும் அப்புறப்படுத்தாமல் கதவை மூடாதீர்கள். அந்த மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும். பயிற்சி பெற்றவரைக் கொண்டு மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

இப்போது மளிகைக் கடைகளிலும் நாய்த்தீனி நல்ல விற்பனை. பெரிய பையைப் பிரித்து, வாய் திறந்தபடி வைத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரக்காற்றுப் பட்ட நாய்த்தீனியிலும் மேலே சொன்ன சிற்றுண்ணி குடியேறும். சில்லறையாக விற்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. வாடிக்கையாளரின் வசதி அது. ஆனால் சிறு பையாக வாங்கி வையுங்கள், மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், பழைய தீனியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள், முன் வந்ததை முன் விற்றுவிடுங்கள். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். "உங்கள் கடைத் தீனி தின்றதிலிருந்து என் நாய் சொறிகிறது" என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால், அவர் சொல்வதில் உண்மை இருக்கக்கூடும்.

தெள்ளுக்கு ஐந்து பங்கு, தரைக்குத் தொண்ணூற்றைந்து

தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு நூறு தெள்ளு கடிக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கடித்தாலே பல நாள் சொறியும். அதனால்தான் "தேடிப் பார்த்தேன், தெள்ளே இல்லை" என்ற பேச்சை நம்ப முடிவதில்லை. வெப்பமும் ஈரமும் சேரும் மழைமாதங்களில் அது நன்றாகப் பெருகும். நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் 5 விழுக்காடுதான் என்றும், மீதி 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையிலும் படுக்கையிலும் இருக்கிறதென்றும் கால்நடை மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுத் தரையை விட்டால், கல்லாவில் போட்டதை ஓட்டை வழியே இழப்பதுதான். மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை வெளியே எரிந்துவிடாமல் கட்டி அகற்ற வேண்டும். குடோன் பூனைக்கும் சேர்த்து மருந்து வேண்டும். நாயைக் கடிக்கும் தெள்ளுகளில் பெரும்பான்மை பூனைத் தெள்ளு என்ற இனமே. ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

பழைய முறையில் வாரந்தோறும் பவுடர் தூவுவதைவிட, இப்போதுள்ள மாத்திரைகள் எளிது. அஃபாக்சோலனர் மாதம் ஒருமுறை. ஃப்ளூராலனர் ஏறத்தாழ 12 வாரம் தாங்கும். நாயின் எடைக்குத் தக்க அளவு வேண்டும். வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து நாயின் மேல் பூசுவது நம் ஊர்களில் பரவலான வைத்தியம். மண்ணெண்ணெயும் அப்படியே. நாய் அதை நக்கும், தோலும் உறிஞ்சும். ஈரலும் சிறுநீரகமும் கெடும், தோல் வெந்துபோகும். அரிப்பு ஒரு நாள் நின்றது என்பார்கள். பெற்றோலிய எண்ணெயால் உடம்பு முழுதும் எரியும்போது நாய்க்குச் சொறியவும் தெம்பில்லாமல் போயிருக்கலாம். தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவதும் வேண்டாம். கற்பூரத்தை நக்கி விழுங்கிய நாய்க்கு வலிப்பு வரும்.

இன்னொன்று, கடையில் சரமாகத் தொங்கும் சளி மாத்திரை. "அலர்ஜிக்கு இது நல்லது, நாய்க்கும் பாதி கொடுங்கள்" என்று நாமே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடக்கூடாது. அவற்றில் பலவற்றில் அலர்ஜி மருந்தோடு பாராசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்கும். மூக்கடைப்பு மருந்து நாயின் இதயத்தைப் படபடக்கச் செய்யும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கக்கூடும். தனி அலர்ஜி மாத்திரை கூட நாய்களில் ஓரளவுக்கே வேலை செய்கிறது.

மருந்தும் செலவும்

ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும்; விலையும் குறைவு. தாங்க முடியாத அரிப்பைச் சில நாள் அடக்க அது நல்ல மருந்துதான். மாதந்தோறும் அதையே போட்டு ஓட்டுவது, கைமாற்று வாங்கி வட்டி கட்டுவதைப் போன்றது. நாய் அளவில்லாமல் தண்ணீர் குடிக்கும், குடோனுக்குள் சிறுநீர் கழிக்கும், பெருக்கும், தொற்று எளிதில் பற்றும். மாத்திரையாகத் தொடர்ந்து கொடுத்துவந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிடினிப் என்ற மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாமலே அரிப்பை வேகமாக அடக்குகிறது, விலை கூடுதல். ஒவ்வாமைப் பொருளையே சிறு சிறு அளவில் ஊசியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் முறையும் உண்டு. பலன் தெரிய ஓராண்டு வரை பொறுக்க வேண்டும்.

அரிப்பு மருந்து பிடிக்கவில்லை என்று மருத்துவரை மாற்றுவதற்கு முன், நாயை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, சீழ்ப்பொட்டு, தலையை உதறிக்கொண்டே இருத்தல் ஆகியவை இருந்தால் சொறிந்த தோலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ சேர்ந்துவிட்டது. அதற்குத் தனி மருந்து கொடுக்காமல் ஒவ்வாமை மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. காது மடல் ஓரமும் முழங்கையும் சொரசொரத்து, கடைப் பையனுக்கும் கையில் அரிப்பு வந்தால் அது ஒவ்வாமை அல்ல, உண்மையான தொற்றுச் சொறி. அதற்கும் இப்போது நல்ல மருந்து இருக்கிறது. அந்த நாயையும் விரட்ட வேண்டியதில்லை.

ஊரிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கே முதலில் போகலாம். சிக்கலான தோல் நோய்க்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. போகும்போது நாயின் கழுத்துப் பட்டையோடு சிட்டையின் அந்தப் பக்கத்தையும், இதுவரை போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். முன்தினம் குளிப்பாட்டிவிடாதீர்கள், தோல் இருக்கிறபடியே மருத்துவர் பார்க்க வேண்டும்.