எல்லைகள் மூன்று

அயல்நாடு செல்லும் பயணி, ஒரு நாட்டிற்குள் நுழையும்போது ஓர் எல்லையைக் கடப்பதாகவே எண்ணுகிறார். ஐரோப்பாவில் அவர் கடப்பவை மூன்று எல்லைகள். ஆளைச் சோதிப்பது ஒன்று. பணம் மாறுவது மற்றொன்று. பொருளுக்குத் தீர்வை கேட்பது பிறிதொன்று. இம்மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில் அமைவதில்லை. இதனை அறியாமல் செல்வோர் அபராதத்திற்கும் பறிமுதலுக்கும் ஆளாக நேரிடுகிறது.

எல்லைகளின் இயல்பு

சுங்க ஒன்றியம் 1968இல் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டுச் சோதனையை நீக்குவதற்கான உடன்படிக்கை, லக்சம்பர்க் நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில் 1985இல் கையெழுத்தானது. யூரோ தாள்களும் நாணயங்களும் 2002 சனவரி 1 அன்று புழக்கத்திற்கு வந்தன. வெவ்வேறு காலங்களில் தோன்றியதால் இவற்றின் உறுப்பு நாடுகளும் வேறுபடுகின்றன. அயர்லாந்தில் யூரோ செல்லும். செங்கன் நுழைவிசைவு செல்லாது. சுவீடனில் செங்கன் நுழைவிசைவு செல்லும்; பணமோ குரோனா. சுவிட்சர்லாந்து செங்கன் நாடுகளுள் ஒன்று. எனினும் அதன் பணம் பிராங்க், அதன் சுங்கமும் தனி. எனவே, பாரிசிலிருந்து சூரிச்சுக்குத் தொடர்வண்டியில் செல்பவர், கடவுச்சீட்டைக் காட்ட நேராவிடினும் சுங்க விதிகளுக்கு உட்பட்டவரே.

பணம்

ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோவோ அதற்கு மேலோ வைத்திருப்பவர், அதனைச் சுங்க அலுவலரிடம் எழுத்து வாயிலாகத் தெரிவித்தல் வேண்டும். பயணக் காசோலையும் தங்க நாணயங்களும் இக்கணக்கில் அடங்கும். அவ்வாறு தெரிவிப்பதற்கு வரி இல்லை. பணத்தைக் கொண்டுசெல்வது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

அட்டையால் பணம் செலுத்தும்போது, 'உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?' என்று கருவி வினவுவதுண்டு. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்துடன் கூடுதல் கட்டணமும் சேரக்கூடும். உள்ளூர் நாணயத்தைத் தேர்வதே பொதுவாகச் சிக்கனம்.

பொருள்

ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வான்வழியாகவோ கடல்வழியாகவோ வருபவர், 430 யூரோ மதிப்புள்ள பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். தரைவழியாயின் 300 யூரோ. பயணி தம் பயன்பாட்டிற்காகக் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவரும் உடைமைகள் இதில் சேரா. ஒரே பொருளின் மதிப்பை இருவர் பகிர்ந்துகொள்ள இயலாது. 600 யூரோ விலையுள்ள ஒரு பரிசுப்பொருளைத் தம்பதியர் கொண்டுவந்தாலும் அதன் முழு மதிப்பிற்கும் வரி உண்டு.

உணவுப்பொருள்களில் கூடுதல் கவனம் தேவை. இறைச்சிக்கும் பால் பொருள்களுக்கும் தடையுண்டு. உறவினருக்கென அன்போடு கொண்டுசெல்லும் நெய்யும் பால்கோவாவும் இத்தடைக்குள் அடங்கும். மாம்பழத்திற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்திற்கும் தேங்காய்க்கும் வேண்டியதில்லை. நோயும் பூச்சியும் பரவாமல் வேளாண்மையைக் காப்பதே இவ்விதிகளின் நோக்கம்.

வானூர்தி நிலையத்தில் பச்சை வழியில் நடப்பதே, 'தெரிவிக்க வேண்டிய பொருள் என்னிடம் இல்லை' என்னும் உறுதிமொழியாகும். ஐயம் எழுமாயின் சிவப்பு வழியே தக்கது. அங்கே ஒரு வினாவைக் கேட்டுத் தெளிவதற்குச் சில நிமிடங்கள் போதும். தவறான வழியில் சென்றதற்கான விலையோ பெரிது.

தெரிந்து தெளிவோம்

ஒன்றியத்திற்கு வெளியே வாழும் பயணி, அங்கு வாங்கிய பொருளுக்குச் செலுத்திய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கிய மாதத்தை அடுத்த மூன்று மாதங்களுக்குள் பொருள் வெளியேறுதல் வேண்டும். பொருளையும் படிவத்தையும் காட்டிச் சுங்கச் சான்று பெறுதல் கட்டாயம். விடுதிக் கட்டணத்திற்கு இச்சலுகை இல்லை.

கற்பவை கற்றபின்...

1. அயர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றை மூன்று எல்லைகளின் அடிப்படையில் அட்டவணைப்படுத்துக.
2. 'மறைப்பதே குற்றம்' – விளக்குக.