அந்த 600 வாய்ப்புகள்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கா போன 3 வருஷத்தில் பேஸ்பால் உன்னை இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று உன் அம்மாவே நினைத்திருக்க மாட்டாள். "37 வயசு ஹிட்டர் மாமா, ஒரே வருஷ ஒப்பந்தம், அடிமாட்டு விலைக்கு வர்றார். எங்க டீம் ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒரு சொல். ஒரு தொழிலில் 15 வருஷம் நின்ற மனிதரைப் பற்றி 'அடிமாட்டு விலை' என்று எழுதாதே. கேள்வி நல்ல கேள்விதான். அதற்கு ஃபிராங்க் தாமஸ் என்கிற ஒரே மனிதரின் கதையிலேயே விடை இருக்கிறது.

அவர் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு 16 சீசன் ஆடியவர். 1993, 1994 என்று அடுத்தடுத்து அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். 2005இல் கால் காயத்தால் 34 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அந்த வருஷம்தான் அவருடைய அணி உலகத் தொடரை வென்றது. அந்தத் தொடரில் அவரால் களமிறங்க முடியவில்லை. சீசன் முடிந்ததும் அணி அவரை விட்டுவிட்டது. 2006 ஜனவரியில் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அவரை எடுத்தது. உறுதியான சம்பளம் 5 லட்சம் டாலர். காயமில்லாமல் ஆடினால் மேற்கொண்டு ஊக்கத்தொகை. அந்த மே மாதத்தில் அவருக்கு 38 வயது நிறைந்தது.

இப்படிப்பட்டவர் ஏன் மலிவாகக் கிடைக்கிறார்? பெரிய லீகில் 6 வருஷ சேவை முடித்த பிறகுதான் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகித் தனக்கு வேண்டிய அணியைத் தேடிக்கொள்ள முடியும். 23, 24 வயதில் உள்ளே வருகிறவர் சந்தைக்கு வரும்போது 30ஐத் தொட்டிருப்பார். ஹிட்டர்களின் உச்சமோ பெரும்பாலும் 26 முதல் 29 வரை. ஆகவே அந்தச் சந்தையில் இருப்பவர்களில் பலர் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பவர்கள். மணிக்கு 95 மைல் வேகப் பந்து மட்டைக்கு வந்து சேர 0.4 விநாடிதான் ஆகும். கை கொஞ்சம் தாமதித்தாலும் பந்து கேட்சரின் கையுறைக்குள் போய்விடும். வயது முதலில் அந்தக் கையைத்தான் தொடுகிறது.

ஆனால் கண் அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. எந்தப் பந்தை அடிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்கிற தெளிவு 38இலும் இருக்கும். தாமஸ் தன் வாழ்நாளில் 1,667 முறை நான்கு தப்புப் பந்துகளைப் பொறுமையாக விட்டு, 'வாக்' வாங்கி முதல் பேஸுக்கு நடந்தவர். ஓக்லாந்து வாங்கியது அந்தக் கண்ணை. வேகமாக ஓடவோ ஃபீல்டிங் செய்யவோ அவரால் முடியாது. ஆனால் பந்தெறியும் பிட்சருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்கும் டெசிக்னேடட் ஹிட்டர் இடம் இருக்கிறதே, அதற்கு அவர் பொருந்தினார்.

முதல் சில வாரங்கள் தடுமாறினார். அணி காத்திருந்தது. சீசன் முடிவில் 39 ஹோம் ரன், 114 ரன்களை உள்ளே கொண்டுவந்த பெருமை. ஓக்லாந்து 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில், அந்த வருஷத்தின் தலைசிறந்த பிட்சரான யோஹான் சந்தானா நின்ற மினசோட்டாவுக்கு எதிராக 2 ஹோம் ரன் அடித்தார். 3-2 என்று வெற்றி. அடுத்த சுற்றில் டெட்ராய்டுக்கு எதிராக அவருக்கு ஒரு ஹிட்கூட விழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நீ சொல்வதே சரி என்று எழுதி அனுப்பியிருப்பேன். அந்தக் குளிர்காலத்தில் டொரண்டோ அவரை 2 வருஷத்துக்கு, சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2007இல் 26 ஹோம் ரன் வந்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் அவர் மட்டை பிடித்துவிட்டால் 2009க்கும் ஒப்பந்தம் தானாக நீளும். அதற்கு இன்னொரு 1 கோடி. 2008 ஏப்ரலில் அவர் தடுமாறியபோது, 2006இல் கிடைத்த பொறுமை இப்போது கிடைக்கவில்லை. 16 ஆட்டத்துக்குப் பிறகு வெளியே உட்காரவைத்தார்கள், அவர் மனம் வருந்தினார், விடுவித்துவிட்டார்கள்.

சில நாளில் ஓக்லாந்து மறுபடியும் எடுத்தது. சம்பளத்தில் பெரும்பகுதியை டொரண்டோவே கொடுக்க வேண்டியிருந்ததால், ஓக்லாந்துக்கு இதைவிட மலிவாக ஓர் ஆள் கிடைத்திருக்க முடியாது. ஆனால் இது 2006 அணி இல்லை. முக்கிய வீரர்களான டான் ஹேரனையும் நிக் ஸ்விஷரையும் அதற்குச் சற்று முந்தைய குளிர்காலத்தில்தான் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். காயங்களோடு 55 ஆட்டம் ஆடி 5 ஹோம் ரன் அடித்தார். அணி வென்றது 75. தாமஸின் ஆட்டக்காலமும் அந்த வருஷத்தோடு முடிந்தது. 2014இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது.

ஒரே மனிதர். அவருக்காக ஓக்லாந்து மிகக் குறைவாகச் செலவழித்த வருஷத்தில்தான் மிகக் குறைவாகப் பெற்றது. விலையை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஒரு சீசன் முழுக்க ஆடும் ஹிட்டருக்குச் சுமார் 600 முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். மூத்தவரை எடுக்கும் அணி உண்மையில் செலவழிப்பது அந்த 600ஐத்தான். வெற்றிக்கு அருகில் நிற்கிற அணிக்கு, ஓர் இடம் காலியாகக் கிடந்தால், அந்த வாய்ப்புகளைத் தேர்ந்த கண் உள்ளவரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம். கட்டிக்கொண்டிருக்கிற அணிக்கோ அவை 23 வயதுப் பையன் தோற்றுத் தோற்றுக் கற்க வேண்டிய பாடங்கள். டாலரை அடுத்த வருஷம் சம்பாதிக்கலாம். போன ஏப்ரலைத் திரும்ப வாங்க முடியாது.

மூத்தவர் அந்தப் பையனுக்குக் கற்றுத்தரலாமே என்பாய். தரலாம், நல்லவர்கள் தருவார்கள். ஆனால் பிட்சரை எதிர்கொள்ளும் பாடத்தை அவன் பெஞ்சில் உட்கார்ந்து முழுதாகக் கற்க முடியாது.

ஆகவே எடுக்கலாமா என்றால், என் பதில் இதுதான்: வெல்லும் அணியாக இருந்து, இடம் காலியாக இருந்தால், ஒரு வருஷத்துக்கு, அவர் கையை மட்டும் அல்லாமல் கண்ணையும் பார்த்து எடுக்கலாம். எடுத்த பிறகு மே மாதம் வரை பொறுக்க வேண்டும். மற்ற அணிகள் அவர் இலவசமாக வந்தாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்த கடிதத்தில் அந்த 37 வயதுக்காரரைப் பற்றி எழுதாதே. அவர் வந்தால் உன் அணியில் யார் பெஞ்சுக்குப் போவார், அவருக்கு என்ன வயது, போன வருஷம் எத்தனை வாக் வாங்கினார் என்று பார்த்து எழுது. உன் கேள்விக்கு நீயே விடை சொல்லியிருப்பாய்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா