பல் நடுவதற்கு முன்

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. தமிழ் பேசும் மக்கள் நிறைந்த ஊர். சுற்றிலும் தென்னந்தோப்புகள் உண்டு. தென்னம்பிள்ளை நடுவதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். முதலில் குழி எடுக்க வேண்டும். மண்ணைப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகுதான் நட வேண்டும்.

பல் நடுவதும் அப்படித்தான்.

பல் நடுவது என்றால் என்ன?

பல் விழுந்த இடத்தில், தாடை எலும்புக்குள் ஒரு சிறிய திருகாணியை வைக்கிறார்கள். இதை இம்பிளாண்ட் என்பார்கள். இது பெரும்பாலும் டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது. எலும்பு வளர்ந்து இதை இறுகப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். பிறகு அதன் மேல் பல்லைப் பொருத்துவார்கள்.

சுவீடன் நாட்டு மருத்துவர் பெர் இங்வார் பிரானெமார்க். டைட்டானியத்தை எலும்பு பற்றிக்கொள்வதை 1950-களில் இவர் கண்டார். 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படிப் பல் வைத்தார்.

மருத்துவர் கேட்கும் கேள்விகள்

பெரியவர் ஒருவர் மகளுடன் பல் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஏனுங்க டாக்டர், நாளைக்கே பல் வெச்சிரலாமுங்களா?”

“பொறுங்க ஐயா. சர்க்கரை நோய் இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குதுங்க.”

“பீடி குடிப்பீங்களா?”

பெரியவர் பேசவில்லை. மகள் சொன்னாள்: “ஒரு நாளைக்கு ஒரு கட்டுங்க.”

“வேற மாத்திரை ஏதாவது?”

“நெஞ்சு வலி வந்ததுல இருந்து, ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரைங்க. பல்லுக்கும் அதுக்கும் என்னங்க?”

“சம்பந்தம் இருக்குதுங்க ஐயா. ஒண்ணையும் மறைக்காதீங்க.”

ஏன் மறைக்கக் கூடாது?

சர்க்கரை கூடுதலாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்கலாம். அதனால் முதலில் ரத்தம் சோதிப்பார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்ப்பார்கள்.

பீடி, சிகரெட் புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எலும்பு திருகாணியைப் பற்றாமல் போகலாம். திருகாணி ஆடினால் கழற்ற வேண்டி வரும். வலியும் வீண், பணமும் வீண். வெற்றிலையோடு போடும் புகையிலையும் வாய்க்குக் கேடுதான்.

ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் கூடுதலாகக் கசியலாம். ஆனால் அதை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். அந்த மாத்திரை கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எலும்பை வலுப்படுத்தும் சில மாத்திரைகளும் ஊசிகளும் உண்டு. இவற்றாலும் தாடைப் புண் ஆறாமல் போகலாம். இதையும் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.
2. எந்த மருந்தாவது ஒவ்வாது என்றால் சொல்லுங்கள்.
3. எலும்பின் அளவு அறிய எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுப்பார்கள்.
4. ஈறில் நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள்.
5. பீடியையும் புகையிலையையும் விடுங்கள். பல் வைத்த பிறகும் தொடாதீர்கள்.
6. மொத்தச் செலவை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.
7. அன்று சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேளுங்கள். பல் இருக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்வதானால், பொதுவாகச் சாப்பிட்டே வரலாம்.
8. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.
9. சில நாளைக்குக் கஞ்சி, குழைந்த சோறு போன்ற மெதுவான உணவே வேண்டும். முதல் நாள் சூடாக எதுவும் வேண்டாம்.

வேறு வழியும் உண்டு

இம்பிளாண்டுக்குச் செலவு அதிகம். எல்லாருக்கும் அது தேவையும் இல்லை. கழற்றி மாட்டும் பல் செட் உண்டு. 60 வயது ஆன ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல் செட் வைக்க, கேரள அரசின் ‘மந்தஹாசம்’ திட்டம் இருக்கிறது. சமூக நீதித் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எந்தப் பல் வைத்தாலும் தினமும் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். நட்ட பல்லில் சொத்தை விழாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் அதுவும் ஆடும்.

பதில் சொல்லுங்கள்

1. திருகாணியை எலும்பு பற்ற எத்தனை மாதம் ஆகும்?
2. பீடி குடிப்பதால் இம்பிளாண்டுக்கு என்ன கேடு?
3. ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக ஏன் நிறுத்தக் கூடாது?
4. உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? எழுதி வையுங்கள்.