ஓட்டு வீட்டை கம்ப்யூட்டரில் வரைவோம்: ஒர்க்கிங் பிளேன் பாடம்

வீடு கட்டப் போகிறீர்களா? அனுமதிக்கான பிளானை இன்ஜினியர் போட்டுத் தருவார். அதற்கு முன் நம் மனதில் உள்ள வீட்டை நாமே கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்க, ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் போதும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து, கட்டட வரைபடத்துக்கான பிம் என்ற பகுதி அதனுடனேயே சேர்ந்து வருகிறது.

புதியவர்கள் இதில் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மானிட்டர் தட்டையானது, வீடோ நீளம், அகலம், உயரம் கொண்டது. திரையில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், அது தரையில் உள்ள புள்ளியா, ஏழடி உயரத்தில் உள்ள புள்ளியா? கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ஒர்க்கிங் பிளேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை என்று நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் வரையும் கோடெல்லாம் அந்தப் பலகை மேல்தான் விழும்.

முதலில் அளவு. நம் ஊர் மேஸ்திரி அடிக்கணக்கில்தான் பேசுவார். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், ஜெனரல் சென்று பில்டிங் யு.எஸ். என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இனி 10 என்று அடித்துப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் அது பத்தடி.

இப்போது ஒர்க்கிங் பிளேன் பட்டனை அழுத்தவும். கீபோர்டில் டபிள்யூ, பி என்று அடுத்தடுத்துத் தட்டினாலும் வரும். டாப், ஃப்ரன்ட், சைடு என்ற பட்டன்களும் ஆஃப்செட் என்ற கட்டமும் தெரியும். டாப் என்றால் தரைக்கு இணையான பலகை. மற்ற இரண்டும் செங்குத்தானவை. ஆட்டோ என்பதைப் பழகும் வரை தொடாதீர்கள். நீங்கள் பார்க்கும் கோணத்துக்கேற்ப பலகையும் திரும்பி விடும்.

அட்டாலி ஒன்று வரைந்து பாருங்கள். ஆஃப்செட்டில் 7 அடி கொடுத்து, அதன் பிறகு டாப் பட்டனை அழுத்தவும். செவ்வகம் வரையவும். ஆஃப்செட் கொடுக்க மறந்தால் அட்டாலி தரையில் படுத்துக் கொள்ளும். மேலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதுதான் ஆபத்து. எனவே ஒவ்வொன்றையும் வரைந்ததும் 0 விசையைத் தட்டி சாய்வுக் கோணத்தில் பாருங்கள். 1 தட்டினால் முன்பக்கம், 2 தட்டினால் மேற்புறம்.

அடுத்து கூரை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மழையும் வந்து அடிக்கும் பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டு வீடுகள் அதிகம். 20 அடி அகலம், 40 அடி நீளம், சுவர் 10 அடி, முகடு 15 அடி என்று வைத்துக் கொள்வோம். ஆஃப்செட் 10 அடி, டாப். லைன் கருவியால் 0, 0 புள்ளியிலிருந்து 40 அடி நீளக் கோடு. ஆஃப்செட் 15 அடி, டாப். 0, 10 அடி புள்ளியிலிருந்து அதே நீளத்துக்கு முகட்டுக் கோடு. அளவுகளை டைப் செய்யும்போது குளோபல் என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் பலகையின் உயரம் கணக்கில் வராது.

இனி பாலிலைன் கருவியை எடுத்து, இரண்டு கோடுகளின் நான்கு முனைகளையும் வரிசையாக ஸ்னாப் செய்து மூடவும். ஃபேஸ் உருவாக்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். பிராபர்ட்டி பகுதியில் ஏரியா பாருங்கள். சுமார் 447 சதுர அடி வர வேண்டும். 400 என்று வந்தால், ஸ்னாப் ஒர்க்கிங் பிளேன் என்ற பட்டன் அழுந்தியிருக்கிறது. அது எல்லாப் புள்ளிகளையும் தட்டைப் பலகைக்கு இழுத்து விடும். அதை விடுவித்து மறுபடி வரையவும்.

இந்த 47 சதுர அடி சும்மா இல்லை. பிளானில் பத்தடியாகத் தெரியும் சரிவு, உண்மையில் 11 அடி 2 அங்குலம். இரு பக்கமும் சேர்த்தால் 800 அல்ல, 894 சதுர அடி. பிளானை மட்டும் பார்த்து ஓடு வாங்கினால் நூற்றுக்குச் சுமார் பத்தரைப் பங்கு குறையும். முகடு கோக்கும் நேரத்தில் ஓடு தீர்ந்து, லாரியை மறுபடி அனுப்ப வேண்டியதுதான். தாழ்வாரமாக வெளியே நீளும் பகுதியையும் நீங்கள்தான் தனியே சேர்க்க வேண்டும்.

சரிவின் மேலேயே கண்ணாடி ஓடு குறிக்க வேண்டுமா? கூரையின் முகத்தைக் கிளிக் செய்து, ஒர்க்கிங் பிளேன் பட்டனை அழுத்தினால் பலகை கூரையோடு ஒட்டிச் சாய்ந்து கொள்ளும். செவ்வகம் வரைந்தால் அது ஓட்டின் மேலேயே அமரும். சோலார் பேனலுக்கு இடம் பார்ப்பதும் இப்படித்தான்.

இந்தச் சாய்ந்த பலகை திரும்பத் திரும்பத் தேவைப்படும். அதற்காக ஒர்க்கிங் பிளேன் பிராக்ஸி என்ற கட்டளை உண்டு. கொடுத்தால் இடப்பக்க மரப் பட்டியலில் ஒரு பெயர் சேரும். "கிழக்குச் சரிவு" என்பது போலப் பெயர் மாற்றிக் கொள்ளுங்கள். எப்போது அதை டபுள் கிளிக் செய்தாலும் பலகை அந்த இடத்துக்கே போய் நிற்கும். மாடி வீடு வரைபவர்கள் தளத்துக்கு ஒரு லெவல் உருவாக்கினால், அதை டபுள் கிளிக் செய்தாலும் இதே வேலை நடக்கும்.