பச்சை உடம்புக்காரியின் தட்டு

முதல் பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு. பிள்ளை வாய் வைத்ததுமே எனக்குத் தொண்டை வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டேன். சித்தி அரை டம்ளர் வெந்நீர் தந்து, "பச்சை உடம்புடி, நிறைய குடிச்சா வயிறு பெருத்துடும்" என்றார். அன்போடுதான் சொன்னார். அந்த அன்பிலேயே பத்து நாள் காயும் பழமும் இல்லாமல் ரசம் சாதத்திலும் பூண்டுக் குழம்பிலும் ஓடின. மலச்சிக்கலும் தையல் வலியும் சேர்ந்து என்னை அழவைத்தன. பத்தியத்தில் நல்லது நிறைய உண்டு. அது தட்டைச் சுருக்கத் தொடங்கினால் மட்டும் தாய்க்கு நட்டம்.

முதலில் தண்ணீர்

பிள்ளை சப்பத் தொடங்கியதும் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பாலை இறக்கிவிடுவது அதுதான். பல தாய்மாருக்குத் தாகம் பொங்கி வருவதும் அந்த நேரத்தில்தான். பச்சிளம் பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வேண்டியதில்லை. கட்டிலருகே மூடி போட்ட சொம்பும் டம்ளரும் இருக்கட்டும், பிள்ளையை மடியில் வைத்தபடி ஒரு கையால் எட்டும் தூரத்தில். வயிறு பெருப்பதற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. தாகம் தீர்ந்த பிறகும் வலிந்து குடித்தால் பால் கூடும் என்பதும் இல்லை.

பிறகு அளவு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, முதல் 6 மாதம் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். அடுத்த 6 மாதத்துக்கு 520. புரதம் முதல் 6 மாதம் 17 கிராம் கூடுதல். இதைச் சமையலறைக் கணக்கில் சொன்னால்: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கடலை உருண்டை. எப்போதும் சாப்பிடும் மூன்று வேளைக்கு மேல் இவ்வளவும் சேர்ந்தால் ஏறத்தாழ 600 வந்துவிடும்.

ஒரே மூச்சில் சாப்பிட முடியாது. பதினொரு மணிக்குச் சுண்டல், நான்கு மணிக்குப் பாலும் பழமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடலை உருண்டை டப்பாவை மட்டும் சொம்புக்குப் பக்கத்தில் வையுங்கள். இரவு இரண்டு மணிப் பசிக்கு யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.

பத்தியத்தோடு சேர்க்க வேண்டியவை

பூண்டு தாராளமாகச் சேர்க்கலாம். அதன் வாசம் பாலிலும் வரும், பிள்ளை அதை வெறுப்பதில்லை. முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, மத்தி எல்லாமே நல்லவை. பால்சுறாப் புட்டு எப்போதாவது ஒருநாள் போதும். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் உடலில் பாதரசம் சேரும், பெரிய சுறாவில் இன்னும் அதிகம். மருந்துக் குழம்போடு காரட்டோ பூசணியோ ஒரு பொரியல், கூடவே கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு என ஒரு பழம் கட்டாயம். வீட்டில் கிண்டிய லேகியம் கொஞ்சம் சாப்பிடலாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கடைப் பொடிகள் வேண்டாம்.

சைவச் சாப்பாடு மட்டும் என்றால் பாலும் தயிரும் தினம் வேண்டும். அதோடு பி12 பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும். காப்பி, டீ இரண்டும் சேர்த்து நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

தாய் தயிர் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், கிழங்கு சாப்பிட்டால் மாந்தம் வரும் என்பார்கள். சளி கிருமியால் வருவது. தாயின் வயிற்று வாயு பாலுக்குள் போகாது. பிள்ளையின் மலத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும் நீங்களாக எதையும் நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைகள்

பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை, நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடலாம், பாலோடும் டீயோடும் கூடாது. கால்சியத்தை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டில் போதாதபோது உடல் அதைத் தாயின் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் சேர்க்கும். அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்குச் சத்துமாவு உண்டு, பெயரைப் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் பத்தலை என்று தோன்றினால்

தட்டில் குறை தேடுமுன் பிள்ளை எத்தனை தடவை குடிக்கிறது என்று பாருங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானதே. 6 மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கூடவே கூடாது. எடை ஏறவில்லை என்றால் பால்டப்பா வாங்க ஓடாமல், பிள்ளை மார்பை எப்படிப் பிடிக்கிறது என்று செவிலியரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என் இரண்டாம் பிரசவத்தில் சொம்பை நிரப்பி வைப்பது வீட்டுக்காரர் வேலையானது. பேத்தியைப் பார்க்க வந்த சித்தி, தானே கொய்யாப்பழம் நறுக்கித் தந்தார்.