மீட்டர் கூட்டிக் காட்டிய நான்கு கிலோமீட்டர்

ஏழாம் வகுப்பில் நேர்விகிதம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், ரோடு நீளமாகுமா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா மலையடிவாரத்தில் வாடகை ஜீப் ஓட்டுபவர். மேடு ஏற இழுவை போதவில்லை என்று பின் ஆக்சிலில் கிரௌன்-பினியன் செட்டை மாற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு, சந்தைக்குப் போய்வர எப்போதும் 39 கி.மீ. காட்டிய மீட்டர் 43 கி.மீ. காட்டுகிறதாம். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குபவர் அவர். "மீட்டரை ஏதாவது பண்ணிட்டியா?" என்று வழக்கமாக வருபவரே கேட்டுவிட்டாராம்.

"கேபிள் தேய்ந்திருக்கும்" என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். அது தவறு. கேபிள் பழுதானால் முள் ஆடும், அல்லது நின்றுபோகும். ஒவ்வொரு பயணத்திலும் ஒரே மடங்கில் கூட்டிக் காட்டாது.

மாலையில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டபோதுதான் விளங்கியது. அந்த வகைப் பழைய ஜீப்பில் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருகிறது. அது எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை அல்ல, ஆக்சிலுக்குப் போகும் தண்டின் சுற்றுகளை. தண்டின் முனையிலுள்ள பினியனுக்கு 8 பற்கள். பழைய கிரௌனுக்கு 39, புதியதற்கு 43. சக்கரம் ஒருமுறை சுற்ற, தண்டு முன்பு 4.875 முறை சுற்றியது, இப்போது 5.375 முறை சுற்றுகிறது. இழுவை கூடியது இதனால்தான். ஆனால் மீட்டர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. ஆகவே அது காட்டுவதற்கும் உண்மைக்கும் உள்ள விகிதம் 43 : 39.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, இதையே கணக்காகக் கொடுத்தேன். முள் 43 காட்டினால் உண்மையான வேகம்? எல்லோரும் 39 என்றார்கள். எனக்கு மகிழ்ச்சி. 86 காட்டினால்? பாதிக்கு மேற்பட்டோர் 82 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 78. "நாலு பல் கூடியிருக்கு, நாலைக் கழிச்சோம் சார்!" முதல் கேள்வியில் தவறான யோசனைக்கும் சரியான விடையே கிடைத்துவிட்டது. நான் தேர்ந்தெடுத்த எண் அப்படி. அன்றிலிருந்து விகிதக் கணக்கில் ஒரு விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டேன்.

விளக்கிச் சொல்லியும் சிலருக்குப் பிடிபடவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பெடல் பக்கம் 44 பற்கள், ஃப்ரீவீலில் 18. பெடலை 9 முறை சுற்றினால் பின்சக்கரம் 22 முறை சுற்றும். மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் சக்கரம் தானாக ஓடி எண்ணிக்கை கெடும். வால்வு பக்கத்தில் சாக்பீஸ் அடையாளம் போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது. 22 பற்கள் உள்ள ஃப்ரீவீல் மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்கிடச் சொன்னேன். 9 பெடலுக்குச் சக்கரம் 18 சுற்றுதான். பெடலை மட்டும் எண்ணிப் பழைய கணக்கில் சொல்பவன் 22 என்பான், 4 அதிகம். 18 பெடலுக்கு? அவன் 44 என்பான், உண்மை 36. வித்தியாசம் 8. வித்தியாசம் வளர்வதைக் கண்டதும் "கழிக்கக் கூடாது" என்று அவர்களே சொன்னார்கள்.

எட்டாம் வகுப்பில் இதையே சதவீதத்துக்கும் கொடுக்கலாம். மீட்டர் காட்டுவது உண்மையைவிட ஏறக்குறைய 10.3 சதவீதம் அதிகம். ஆனால் மீட்டர் காட்டியதிலிருந்து 9.3 சதவீதம் குறைத்தால்தான் உண்மை வரும். எதன்மீது சதவீதம் என்ற கேள்வி இங்கே தானாக எழும்.

அந்த மாணவி ஓர் அட்டையில் "மீட்டர் தூரம் × 39 ÷ 43" என்று எழுதி ஜீப்பில் ஒட்டினாள். கேபிளை இயக்கும் சிறு பல்சக்கரத்தைப் பொருத்தமானதாக மாற்றினால் மீட்டரே சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். அது கிடைக்கும்வரை அட்டைதான்.

பிறகு ஒரு பையன், தன் அண்ணன் பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றியும் மீட்டர் மாறவில்லையே என்றான். கேபிள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். முன்சக்கரத்திலிருந்து வருகிறது என்று மறுநாள் வந்து சொன்னான்.