மரம் வடக்கே நடக்குமா?

கோயில் திருவிழாவுக்குப் புங்குடுதீவு இறுப்பிட்டிக்கு வந்த மச்சான், முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு சொன்னான்: “சூடு கூடுறது உங்களுக்குத்தான் கேடு. கனடாவில எங்களுக்கு வடக்க காடும் காணியும் கூடும்.” முப்பது வருசம் ஸ்காபரோவில் இருப்பவன். இப்படியொரு மச்சான் இல்லாத வீடு புங்குடுதீவில் அபூர்வம். அதனால் கனடாக் காட்டுக் கதை எங்கள் ஊர்க் கதையும்தான்.

அவன் சொன்னது முழுப்பொய் இல்லை. வடக்கே போகப் போக, கோடைச் சூடு மரம் வளரப் போதாத இடம் ஒன்று வரும். அதுதான் மரவரம்பு. அதற்கப்பால் பாசியும் குறுஞ்செடியும் மட்டுமே. சூடு ஏறினால் அந்த வரம்பும் ஏறவேண்டும் என்பது கணக்கு. ஆனால் உலகெங்கும் 166 மரவரம்புகளைப் பற்றிய தரவுகளைச் சேர்த்து 2009இல் வெளிவந்த ஆய்வு என்ன சொன்னது? 1900க்குப் பிறகு முன்னேறியவை பாதிக்குக் கொஞ்சம் மேலே. பின்வாங்கியவை மிகச் சில. மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஏன் என்று பனையோடு வளர்ந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. பனங்கொட்டை விழுந்தால் போதுமா? முளைக்கவேண்டும், மாடு கடிக்காமல் தப்பவேண்டும், வடலியாக வருசக்கணக்கில் கிடக்கவேண்டும். வடக்கிலும் அதே பாடுதான். விதை போய்ச் சேரவேண்டும், ஈரம் வேண்டும், துருவமான் மேயாமல் விடவேண்டும். நோர்வேயின் வடகோடியில் வரம்பில் நிற்பது பேர்ச் மரம். முன்பெல்லாம் குளிர் மறை 35 பாகைக்கும் கீழே இறங்கி அந்துப்பூச்சி முட்டைகளைக் கொன்றுவிடும். குளிர் தணிந்ததும் புழுக்கள் பெருகி, இலையை மொட்டையடித்துக் காட்டையே சாகடித்த இடங்கள் அங்கே உண்டு. கூடிய சூடே மரத்தைக் கொன்ற கதை இது.

“சரி, ஓரம் மெல்லத்தான் போகட்டும். காடு குறையவில்லையே?” என்றான்.

ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடுக்காடு கண்ணில் படாது. 2023இல் கனடாவில் எரிந்தது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர். முழு இலங்கையும் 65 லட்சம்தான்! ஓகஸ்ட்டில் யெலோனைஃப் நகரத்து இருபதினாயிரம் பேரளவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஜூனில் ரொறன்ரோவையும் புகை மூடியது. மச்சான் அன்று வீடியோவில் காட்டிய வானம் எனக்கு ஞாபகம், அவனுக்குத்தான் மறந்துவிட்டது.

“காடு எரியிறதும் திரும்ப முளைக்கிறதும் புதுசே?” என்பான். புதிதில்லை. கறுப்பு ஸ்புரூஸ் மரத்தின் காய்கள் தீயின் சூட்டில் பிசின் இளகித் திறந்து, சாம்பலில் விதை கொட்டும். ஆனால் அந்தக் கன்றுகள் காய்க்கும் வயதுக்கு வருமுன்னே அடுத்த தீ வந்தால் கொட்ட விதை ஏது? அங்கே வேறு மரமோ புல்லோதான் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டும் நோர்வே அந்துப்பூச்சியின் கணக்கிலேயே வென்றது. மறை 40 பாகைக் குளிர் முன்போல வராததால் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின.

காடு கூடினால் பூமி குளிரும் என்பதும் அங்கே அப்படியே பொருந்தாது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் கறுத்த ஊசியிலைக் காடு எழுந்தால் அந்த வெயிலைக் குடித்து நிலத்தைச் சூடாக்கும். மரத்தைவிட அந்தக் காட்டு மண்ணில்தான் காபன் அதிகம் என்பதால், மண்ணும் சேர்ந்து எரிந்தால் நட்டம் பெரிது.

எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப வடக்க காணி வாங்கலாமோ?” என்றான். அலாஸ்காவில் உறைநிலம் இளகின இடங்களில் மரங்கள் கள்ளுக் குடித்தவன்போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன, அங்கே வீடு கட்டினால் அதுவும் அப்படித்தான் நிற்கும் என்றேன். கதிரையை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான்.